செங்கரட்டுத் தவளையின் இதயம்

தவளையை அறுக்கக் கூடாது என்று மேலிடத்து உத்தரவு வருவதற்கு முந்தைய காலத்தில், செங்கரட்டில் பழைய நூல் குடோனின் மாடியில் நடந்த சமுதாயக் கல்லூரியில், விசைத்தறிக்குத் தார்க்குச்சியில் நூல் சுற்றும் வேலையை முடித்துவிட்டுத் தலையில் பஞ்சுத் துகளோடு வந்து உட்கார்ந்து உயிரியல் படித்த சுலோச்சனா, ஒரு தவளையின் மார்பைத் திறந்து, இதயத்தைக் கத்தரித்து எடுத்து, உப்புத் தண்ணீர் ஊற்றிய கண்ணாடிக் கிண்ணத்தில் போட்டாள். அது துடித்தது. வெளியே எடுத்த பிறகும் கொஞ்ச நேரம் துடிக்கும், யாரும் பயப்பட வேண்டாம் என்று ஹெலன் மேடம் முதலிலேயே சொல்லியிருந்தார். நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்து எங்களுக்குப் பாடம் நடத்திய அந்த அம்மா சொன்ன கொஞ்ச நேரம் முடிந்தது, மற்றவர்களின் தவளை இதயங்கள் ஒவ்வொன்றாக அடங்கி வாளிக்குப் போயின, சுலோச்சனாவுடையது மட்டும் துடித்துக்கொண்டிருந்தது. மறுநாளும் துடித்தது. அந்த வாரம் முழுக்கத் துடித்தது. வற்றினால் உப்புத் தண்ணீர் ஊற்று என்று சுலோச்சனாவிடம் சொல்லிவிட்டு மேடம் சிறுநீரகத்துக்குப் போய்விட்டார், ஏனென்றால் பாடத்திட்டத்தில் அடுத்து அதுதான் இருந்தது.

நான் பகலில் மருந்துக் கடையில் நிற்பவன். சுலோச்சனா உட்கார்ந்த அதே மேசையில் எனக்கும் ஒரு தவளை கொடுத்தார்கள், என்னுடையது சீக்கிரமே அடங்கிவிட்டது. அதனால் எனக்கு அவள்மேல் பொறாமை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். எங்கள் ஊரில் ஒருவரைப் பற்றி ஒருவர் இப்படித்தான் சொல்லுவார்கள்.

எங்கள் ஊர் அதிசயத்துக்கு மயங்குகிற ஊர் இல்லை. பாலை முகர்ந்து பார்த்து வாங்குவோம், வாங்கிய பிறகு நகத்தில் ஒரு சொட்டு விட்டு ஓடுகிறதா நிற்கிறதா என்று பார்ப்போம், பெண் பார்க்கப் போனால் பெண்ணைவிட அடுத்த வீட்டுக்காரர் முகத்தை அதிக நேரம் பார்ப்போம், பஸ்ஸில் ஒருவர் எழுந்து நமக்கு இடம் கொடுத்தால் சீட்டைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவோம். ஆகவே சேதி மாடியிலிருந்து இறங்கி ஊருக்குள் வந்ததும், அடியில் பேட்டரி வைத்திருக்கிறார்கள், ஆள் சேர்க்கக் கல்லூரித் தாளாளர் செய்கிற வேலை என்றுதான் சொன்னோம். கரண்ட் போய், தறிகள் எல்லாம் ஓய்ந்து, ஊரே காது அடைத்தாற்போல் கிடந்த ஒரு மத்தியானத்தில் பெரியவர்கள் சிலர் மாடியேறிக் கிண்ணத்தைத் தூக்கி அடியில் பார்த்தார்கள், மேசையைத் தட்டிப் பார்த்தார்கள், ஒருவர் தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்தும் பார்த்தார். உப்புதான் கரித்தது. சரி, துடிக்கிறது என்று ஒப்புக்கொண்டு இறங்கி வந்து டீ குடித்தோம்.

அது ஏன் துடிக்கிறது என்று செங்கரட்டில் ஒருவரும் கேட்கவில்லை. அப்படி விட்டிருந்தால் அது மேசை ஓரத்தில் துடித்துக்கொண்டும் நாங்கள் தறி ஓட்டிக்கொண்டும் காலம் போயிருக்கும். ஆனால் அடுத்த பாடம் நாடி பிடிப்பதாக இருந்தது. கட்டைவிரலுக்குக் கீழே மூன்று விரலை வைத்து நாங்கள் எல்லாரும் அவரவர் நாடியைத் தேடிக்கொண்டிருந்தபோது, கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்த ஹெலன் மேடம், இது தவளையின் வேகம் இல்லை, மனிதரின் வேகம் என்று தன்னை மறந்து சொல்லிவிட்டார். சொன்னதும் உதட்டைக் கடித்துக்கொண்டார். அந்தப் பேச்சு அவருக்கு முன்னால் படியிறங்கிப் போய்விட்டது.

மனித வேகம் என்றால் யாருடையது?

அது காலையில் நிதானமாக நடந்தது, உச்சி நேரத்தில் கொஞ்சம் விரைந்தது, பொழுது சாய்ந்து எங்கள் வகுப்பு ஆரம்பிக்கும் நேரம் வந்ததும் யாரோ துரத்துவதுபோல் ஓட்டம் எடுத்தது. ஊர் இதைக் கேட்டது. கேட்ட மாத்திரத்தில், எவளோ ஒருத்தி என்று முடிவு செய்தது. பொழுது சாயும்போது நெஞ்சு அப்படி ஓட வேண்டுமென்றால் எவனோ ஒருவன் எங்கிருந்தோ வர வேண்டும், அவனை எதிர்பார்த்து எவளோ ஒருத்தி எங்கேயோ நிற்க வேண்டும், இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றார்கள். ஆண்களின் நெஞ்சுக்கு அந்த நேரத்தில் ஷிப்ட் மாற்றுகிற வேலை இருந்தது.

அதற்குப் பிறகு ஊர் மாறிப்போனது. கல்யாணத்தன்று பிடித்து விட்டதோடு சரி, அதற்குப் பிறகு பெண்டாட்டியின் கையைத் தொட்டே அறியாத ஆண்கள், காய்ச்சல் இருக்கிறதா பார்க்கிறேன் என்று சாக்குச் சொல்லி மணிக்கட்டைப் பிடித்தார்கள். பெண்கள் முந்தானைக்குள் கையை வைத்துக்கொண்டு நடந்தார்கள். மளிகைக் கடையில் மீதிச் சில்லறையைக் கையில் வாங்காமல் பலகையில் வைக்கச் சொன்னார்கள். வேகமாகப் படியேறி வந்தவள் மூச்சு வாங்கினால் எல்லாரும் திரும்பிப் பார்த்தோம், நிதானமாக வந்தவளை, இவள் எதையோ அடக்கிக்கொண்டு வருகிறாள் என்று இன்னும் கூர்ந்து பார்த்தோம். இப்படிச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக் கடைசியில் எங்கள் சந்தேகம் சுலோச்சனாவிடம் வந்து நின்றது. தவளையை அறுத்தவள் அவள். தண்ணீர் ஊற்றுகிறவள் அவள். அவள் படியேறி வருகிற நேரமும் அது ஓட ஆரம்பிக்கிற நேரமும் ஒன்று.

நடுவில் ஒரு வாரம் அவள் காய்ச்சலில் படுத்திருந்தாள், தண்ணீர் ஊற்றுகிற வேலை என்னுடையதாக இருந்தது. அந்த வாரமும் அதே நேரத்துக்கு அது ஓடியது. இதை நான் ஊரில் சொன்னேன். வீட்டில் தனியாகப் படுத்திருந்தாள் அல்லவா, அப்படியானால் அவன் வீட்டுக்கே வந்திருக்கிறான் என்றார்கள்.

சுலோச்சனாவின் புருஷன் அர்த்தநாரி, கல்லூரிக்கு எதிர்வரிசைப் பட்டறையில் தறி ரிப்பேர் பார்க்கும் மேஸ்திரி. அதிகம் பேசாத மனிதன். எந்தத் தறி எங்கே இழுக்கிறது என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவான். அவளைக் கல்லூரியில் சேர்த்ததே அவன்தான், படித்தால் ரத்தம் சோதிக்கிற இடத்தில் நிழலில் உட்கார்ந்து செய்கிற வேலை கிடைக்கும் என்று மேடத்திடம் வந்து கை கட்டி நின்று பேசியவன். சேர்த்த மறுநாளிலிருந்து, அவள் படியேறும் நேரத்தில் எதிரே டீக்கடையில் வந்து நிற்பான். அவள் ஏறி மறைகிறவரை பார்ப்பான். அவளுக்குப் பின்னால் யார் ஏறுகிறார்கள் என்று பார்ப்பான். பிறகு டீயைக் குடிக்காமல் டம்ளரைப் பிடித்தபடி நிற்பான். பாவம், மனைவியால் தலைகுனிந்து நிற்கிறான் என்று நாங்கள் பேசிக்கொண்டோம். அவன் டம்ளர் நடுங்குவதை எல்லாரும்தான் பார்த்தோம்.

சுலோச்சனா அந்த இதயத்தை வேறு மாதிரிக் கேட்டாள். ஓடிக்கொண்டிருக்கும்போதே அது சில சமயம் ஒரு துடிப்பை விட்டுவிடுகிறது, விட்ட பிறகு தடுக்கி விழுந்து எழுவதுபோல் எழுகிறது என்று அவள்தான் முதலில் கண்டாள். கிண்ணத்துக்கு நேராகக் குனிந்து நெடுநேரம் பார்த்துவிட்டு நிமிர்ந்து மேடத்திடம் சொன்னாள்.

"இது ஆசைப்படற நெஞ்சு இல்லீங்க மேடம். சீக்கு நெஞ்சு. யாருதுன்னு தெரிஞ்சா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிரலாம். தெரியாம உட்டுட்டா ஒரு நாளைக்கு நின்னுரும்."

மேடத்தின் முகம் மாறிவிட்டது. நான் அதை ஊரில் சொன்னபோது, தப்பிக்கப் பேசுகிறாள் என்று சிரித்தார்கள். எனக்கும் அப்படித்தான் பட்டது. ஆனாலும் யாருடையது என்று தெரிந்தாக வேண்டும் என்பதில் அவளும் ஊரும் ஒரே பக்கம் நின்றதால், ஆடிப்பெருக்குக்கு நாங்கள் போட்ட திட்டத்தை அவள் தடுக்கவில்லை.

திட்டத்தைச் சொன்னது அவளுடைய மாமியார் பாவாயி. ஆடிப் பதினெட்டுக்கு எங்கள் ஊரில் பெண்கள் எல்லாரும் புது வளையல் போட்டுக்கொள்வார்கள். வளையல் செட்டியார் பெட்டியோடு வந்து உட்கார்ந்தால், சொந்தப் புருஷனுக்கும் நீட்டாத கையை அவருக்கு நீட்டுவார்கள், அவரும் அதை அமுக்கி, உருட்டி, வலி தெரியாமல் வளையலை ஏற்றிவிடுவார். ஊரில் எல்லாப் பெண்களின் மணிக்கட்டையும் வெளிச்சத்தில், நாலு பேர் நடுவில் பிடிக்க உரிமை உள்ள ஒரே ஆள் அவர்தான். அவரைக் கல்லூரி வராந்தாவில் உட்கார வைப்பது, உள்ளே ஜன்னலோரமாகக் கிண்ணத்தின் முன்னால் ஒருவர் உட்கார்ந்து ஒவ்வொரு துடிப்புக்கும் எவர்சில்வர் டம்ளரில் கரண்டியால் தட்டுவது, செட்டியார் வளையல் ஏற்றுகிற சாக்கில் நாடியைப் பார்த்துத் தட்டும் சத்தத்தோடு ஒத்துப் பார்ப்பது. கரண்டி எனக்குக் கொடுக்கப்பட்டது.

பெண்களுக்கு இது தெரியாது என்று ஆண்கள் நினைத்தார்கள். அவர்களுக்கு முதல் நாளே தெரியும். தெரிந்தும் ஒருத்தி பாக்கியில்லாமல் வந்தார்கள், வராதவள் மாட்டிக்கொண்டாள் என்று அர்த்தம் அல்லவா, போதாததற்கு மாட்டப்போகிறவள் யாரென்று ஒவ்வொருத்திக்கும் பார்க்க வேண்டியிருந்தது. ஆடி நோன்புக்காகத் தறிகளை நிறுத்தியிருந்தார்கள். டம்ளர் சத்தம் தெருமுனைவரை கேட்டது. செட்டியார் ஒவ்வொரு கையாகப் பிடித்தார், காதைச் சாய்த்தார், வளையலை ஏற்றினார், உதட்டைப் பிதுக்கினார். தாளாளரின் மனைவி வந்தாள், போனாள். என் மனைவி வந்தபோது என் கரண்டி கொஞ்சம் தடுமாறியது, செட்டியார் ஜன்னல் பக்கம் பார்த்து முறைத்தார், நான் சரியாகத் தட்டினேன், அவளும் போனாள். பொழுது சாய்ந்தது. கடைசியாகச் சுலோச்சனா உட்கார்ந்து கையை நீட்டினாள். வராந்தாவில் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். செட்டியார் பச்சை வளையலை ஏற்றினார், சிவப்பு வளையலை ஏற்றினார், இருந்ததெல்லாம் ஏற்றியும் கையை விடாமல் வைத்திருந்துவிட்டு, இல்லை என்று தலையாட்டினார்.

எங்களுக்கு ஏமாற்றமாக இருந்தது, அதை மறைக்க நாங்கள் முயற்சிகூடச் செய்யவில்லை. அர்த்தநாரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தான். "மறுக்காப் பாருங்க செட்டியாரே" என்றான். செட்டியார் மறுபடி பார்த்து, இல்லை என்றார். "நீங்களும் அவளும் பேசி வெச்சுக்கிட்டீங்களா?" என்று கேட்டான். அந்த நேரம் பார்த்து கிண்ணத்தில் இருந்தது தலைதெறிக்க ஓட ஆரம்பித்தது, என் கரண்டி அதைப் பிடிக்கத் திணறியது.

சுலோச்சனா அவன் கழுத்தைப் பார்த்தாள். காலருக்கு மேலே ஒரு நரம்பு எழும்பி எழும்பி விழுந்துகொண்டிருந்தது. அவள் எழுந்தாள், வளையல்கள் குலுங்க அவனிடம் போனாள், ஊர் பார்க்க, மாமியார் பார்க்க, புருஷனின் கையைப் பிடித்து, கட்டைவிரலுக்குக் கீழே மூன்று விரலை வைத்தாள். ஆண்கள் சிரித்தார்கள்.

"என்ன புள்ள பண்ற, உடு" என்றான் அர்த்தநாரி.

அவள் விடவில்லை. ஜன்னலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள், கண்ணை மூடிக்கொண்டு, விரலுக்குத் தெரிந்த ஒவ்வொரு துடிப்புக்கும் "ம்" என்றாள். ம், ம், ம், ம். நான் கிண்ணத்தைப் பார்த்துத் தட்டிக்கொண்டிருந்தேன், அவளை நான் பார்க்கவில்லை, அவளும் என்னைப் பார்க்கவில்லை. அவளுடைய சொல்லும் என்னுடைய கரண்டியும் ஒன்றாக விழுந்தன. சிரித்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். அப்போது கிண்ணத்தில் ஒரு துடிப்பு வரவில்லை. என் கரண்டி மேலேயே நின்றது. அவளும் சும்மா இருந்தாள். பிறகு அது தடுக்கி எழுந்தது, நான் தட்டினேன், அவள் "ம்" என்றாள், கண்ணைத் திறந்தபோது அழுதுகொண்டிருந்தாள்.

ஆண்களின் மணிக்கட்டைப் பார்க்க வேண்டும் என்று ஊரில் யாருக்கும் ஏன் தோன்றவில்லை என்று ஹெலன் மேடம் எங்களைக் கேட்டார். ஆண்களுக்கு யார் வளையல் போடுகிறார்கள் என்று ஒருவர் பதில் சொன்னார். ஆனால் அர்த்தநாரியின் நெஞ்சு பொழுது சாயும்போது எதற்காக ஓடியது என்பதை யாரும் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அங்கே நின்ற ஒவ்வொரு ஆணுக்கும் அது உடனே புரிந்தது, ஏனென்றால் எங்களுக்கும் அதே நேரத்தில் ஓடுகிற நெஞ்சுதான் இருந்தது, என்ன, யாரும் எடுத்துக் கிண்ணத்தில் போடவில்லை.

ஈரோட்டில் டாக்டர் பார்த்துவிட்டு, நல்லவேளை இப்போதாவது வந்தீர்கள் என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார், மனசு அலையக் கூடாது என்றார். அலையக் கூடாது என்றதும் ஊர் தன் தீர்ப்பைச் சொல்லிவிட்டது. அவள் படியேறுவதால்தான் அவன் நெஞ்சு அலைகிறது, ஆகவே அவள் படியேறக் கூடாது. பரீட்சைக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது, எழுதித் தேறினால் நாமக்கல்லில் ஒரு பரிசோதனை நிலையத்தில் வேலைக்கு மேடம் பேசி வைத்திருந்தார், விட்டால் திரும்பவும் பஞ்சுத் துகளும் தாரும்தான் என்பது எல்லாருக்கும் தெரியும். தெரிந்துதான் சொன்னோம். பாவாயி வாசலில் நின்று, "படிப்பு இன்னொருக்கா வரும் கண்ணு, அவன் உசுரு வருமா?" என்று கேட்டாள். அதற்கு என்ன பதில் சொல்ல முடியும் என்று நாங்கள் சுற்றி நின்று காத்திருந்தோம்.

சுலோச்சனா மாமியாரைத் தாண்டி வீட்டுக்குள் நுழைந்தாள். கட்டிலில் உட்கார்ந்திருந்த புருஷனிடம் போய், எங்களுக்கும் கேட்கும்படி பேசினாள்.

"ஏனுங்க, நான் காச்சல்ல ஊட்டுலயே கெடந்தனே, நீங்கதான் பக்கத்துல உக்காந்து கஞ்சி ஊத்துனீங்க. அன்னைக்கும் அந்த நேரத்துக்கு இது ஓடியிருக்குது. நான் உங்க கண்ணு முன்னால கெடந்தேன், அப்பவும் ஓடியிருக்குது. நான் படியேறறதால ஓடலீங்க. நான் ஊட்டுல உக்காந்தா உங்களுக்குச் சீக்கு போயிரும்னு சொல்லுங்க, இப்பவே புஸ்தகத்த அடுப்புல வெச்சர்றேன்."

அர்த்தநாரி நெஞ்சின்மேல் கையை வைத்தான். எந்தத் தறி எங்கே இழுக்கிறது என்று கேட்டே சொல்கிறவன், தன் நெஞ்சைக் கேட்கிறவன்போல் இருந்தான். "அந்தக் கிண்ணம் காஞ்சு போச்சுன்னா நான் என்னாவேன்?" என்று கேட்டான்.

"தெரியலீங்க" என்றாள். "காயாம நான்தான் பாத்துக்கறேன்."

தன் உயிருக்குத் தண்ணீர் ஊற்றுகிற கை, வேறு யாருக்கோ நீளுகிறது என்று தான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்த அதே கை என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. அவன் முகத்தில் அது தெரிந்தது, எனக்கு அவனைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. மறுநாள் பொழுது சாயும்போது அவள் படியேறினாள். அவன் டீக்கடையில் நிற்காமல் அவள் பின்னாலேயே ஏறிவந்து வராந்தாவில் உட்கார்ந்தான். காவலுக்கு வந்திருக்கிறான் என்றோம். அது உண்மைதான். அவன் நோட்டம் பாதி அவள்மேல் இருந்தது, பாதி கிண்ணத்தின்மேல் இருந்தது, நாள் போகப் போகக் கிண்ணத்துப் பங்கு கூடிக்கொண்டு வந்தது.

செய்முறைத் தேர்வன்று வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர், மேசைமேல் தேர்வுக்குச் சம்பந்தமில்லாத பொருள் எதுவும் இருக்கக் கூடாது என்றார். கிண்ணத்தை எங்கே வைப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. சுலோச்சனா அதை எடுத்துக்கொண்டு போய் அர்த்தநாரியின் இரண்டு உள்ளங்கையிலும் வைத்துவிட்டு உள்ளே வந்தாள், கதவு சாத்தப்பட்டது. எங்கள் ஊரில் பாதி அன்று வேலையை விட்டுவிட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தது. அவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும், நான் உள்ளே ரத்தத் துளியைக் கண்ணாடித் தகட்டில் இழுத்துக்கொண்டிருந்தேன். கதவு சாத்தியதும் அது ஓட்டம் எடுத்ததாம். உள்ளே எத்தனை ஆண்கள் இருக்கிறார்கள் என்று யாரோ அவனைக் கேட்டார்களாம், அவன் கிண்ணத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லையாம். கை நடுங்கித் தண்ணீர் அலம்பி விளிம்புக்கு வந்ததாம். தண்ணீர் சிந்தக் கூடாது என்று அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டானாம், மூச்சு அடங்க அடங்கக் கை அடங்கியது, கை அடங்கத் தண்ணீர் அடங்கியது, தண்ணீர் அடங்க உள்ளே இருந்ததும் ஓட்டத்தை விட்டு நடைக்கு வந்துவிட்டது என்கிறார்கள்.

கதவு திறந்தபோது நான் சுலோச்சனாவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். கேள்வி சுலபமா கஷ்டமா என்று அவன் கேட்கவில்லை, உள்ளே பக்கத்தில் யார் உட்கார்ந்தது என்றும் கேட்கவில்லை, என்னைக்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. இரண்டு கையையும் அவளிடம் நீட்டினான்.

"தண்ணி கொறஞ்சிருக்குது புள்ள, ஊத்து" என்றான்.

அவள் ஊற்றினாள்.

சுலோச்சனா இப்போது நாமக்கல்லில்தான் வேலை பார்க்கிறாள். காலையில் போய் இருட்டுவதற்குள் வந்துவிடுகிறாள். கிண்ணம் அவர்கள் வீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது, அவள் பஸ் தாமதமானாலும் அது ஓடுவதில்லை. ஒரு மனிதனுக்குச் சந்தேகம் அப்படி ஒரேயடியாக விட்டுப்போகுமா என்று நாங்கள் இன்னும் டீக்கடையில் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம், அந்த உப்புத் தண்ணீரில் அவள் எதையோ கலந்துவிட்டாள் என்பதுதான் ஊரின் முடிவு. இதை வீட்டில் என் மனைவியிடம் சொல்வதுண்டு. என்னை ஒரு தடவை பார்ப்பாள், பிறகு வளையல் குலுங்க எழுந்து உள்ளே போய்விடுவாள். எதற்காக அப்படிப் பார்த்தாள் என்று நான் யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் என் மூன்று விரல் என் மணிக்கட்டில் இருக்கும்.